ஃபில்டரைப் பளிச்சென்று கழுவிவிடாதீர்கள்

"தம்பி, முந்தாநாள்தான் ஃபில்டரைக் கழட்டி நல்லாக் கழுவினோம். இப்ப மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது."

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். எங்கே வைத்துக் கழுவினீர்கள் என்று கேட்டேன். குழாயடியில்தான், ஃபில்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிங்கையும் பிரஷ் போட்டுத் தேய்த்ததாகச் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான்கடித் தொட்டி, இரண்டு பெரிய ஆஸ்கர், கொஞ்சம் பேரட் மீன்கள். அம்மோனியா சோதனையில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர், ஐந்து நிமிடத்தில் நல்ல பச்சையாகிவிட்டது. கேனிஸ்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கிற டப்பா ஃபில்டரைத் திறந்தால் செராமிக் ரிங்குகள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தன.

சென்னையில் வீடு வீடாகப் போய் மீன் தொட்டி பராமரிக்கிற வேலை என்னுடையது. நோயால் செத்த மீன்களைவிட, ஃபில்டரைச் 'சுத்தம்' செய்ததால் செத்த மீன்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் வீட்டுத் தங்கமீன்கள் அதில் போயின. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அதேதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ரிங்கிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நீங்கள் தேய்த்து எடுக்கிற அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் அவற்றின் குடித்தனம். பால் தயிராவது போல ஒரே இரவில் இவை பெருகிவிடாது. எண்ணிக்கை இரட்டிப்பாகவே அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி நிலைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆவது இதனால்தான். மெட்ரோ வாட்டரில் குளோரின் கலப்பதே கிருமியைக் கொல்லத்தான். அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பாகுபாடு தெரியாது.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு பல இடங்களில் 8-ஐ ஒட்டியே இருக்கிறது. பிஎச் 7 என்றால், 28 டிகிரி வெப்பத்தில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அதுவே நூற்றில் 6 பங்கைத் தாண்டிவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் கூடும்.

பெரம்பூர் தொட்டியில் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றினோம், ஆன்டி குளோரின் போட்டுத்தான். ஏர் பம்ப் ஓடவிட்டோம், தீனியை நிறுத்தினோம். நோயில்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என் சொந்தத் தொட்டியிலிருந்து ஒரு பை நிறையப் பழைய ரிங்கைக் கொண்டுபோய் அந்தக் கேனிஸ்டரில் வைத்தேன். பேரட் இரண்டு போய்விட்டன. ஆஸ்கர்கள் பிழைத்தன.

சரி, அப்படியானால் ஃபில்டரைத் தொடவே கூடாதா? அதுவும் தவறுதான். மூடியைத் திறந்தே ஒரு வருடம் ஆகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். கேனிஸ்டர் அலமாரிக்குள் இருப்பதால் அழுக்கு போய்விட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த அழுக்கின் மேல் ஓடிய தண்ணீர்தான் மறுபடி தொட்டிக்குள் விழுகிறது. ஆஸ்கர், தங்கமீன் போல அதிகம் கழிக்கும் மீன்கள் இருந்தால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை திறக்கிறேன். சின்ன மீன்கள் கொஞ்சம் இருக்கும் தொட்டிக்கு 3 மாதம் தாங்கும். தேதியைவிட, தண்ணீர் விழும் வேகத்தைப் பாருங்கள். அது குறைந்தால் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பலருக்குத் தெரியாத ஆபத்து கரண்ட் கட். கேனிஸ்டர் ஒரு மூடிய டப்பா. மோட்டார் நின்றால் உள்ளே புதிய ஆக்சிஜன் போகாது. ஒரு மணி நேரம் பரவாயில்லை. பராமரிப்புக்காகக் காலையில் போன கரண்ட் மாலையில் வருகிற நாளில், உள்ளே இருக்கும் பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கும், அழுக்கு அழுகும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்தத் தண்ணீரை அப்படியே மீன் மேல் கொட்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். கேனிஸ்டரைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பெரும்பாலும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, ரிங்கைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள். முடிந்தால் ஃபில்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் கேனிஸ்டர்களில் பெரும்பாலானவை பழைய டியூப் லைட் அளவுக்குக்கூடக் கரண்ட் இழுக்காது.

கழுவும் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் ப்ளக்கைக் கழற்றுங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துக்கொண்டு, குழாய் வால்வுகளை மூடிவிட்டு டப்பாவை வெளியே எடுங்கள். தட்டுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. முரட்டு ஸ்பாஞ்சை அந்தப் பக்கெட்டில் நன்றாகப் பிழியலாம். வெள்ளைப் பஞ்சு கிழிந்திருந்தால் மாற்றிவிடலாம். ரிங்கை மட்டும் அரிசி களைவது போல இரண்டு முறை அலசினால் போதும், பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். ரிங் பொடிந்து மாற்ற வேண்டி வந்தால் இப்போது பாதி, ஒரு மாதம் கழித்து மீதி. அதே நாளில் கல்லையும் கிளறித் தொட்டி முழுவதையும் சுத்தம் செய்யாதீர்கள்.

மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டால் காரணம் பெரும்பாலும் அங்கேதான். மூடியைத் திருகி மெதுவாக இழுத்தால் காந்தத்தோடு வரும். நம் கடினத் தண்ணீரில் அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும், அது சுழலும் கம்பியான ஷாஃப்டில் தலைமுடி சுற்றியிருப்பதும் உண்டு. ஷாஃப்ட் செராமிக் என்றால் வளைக்கப் பார்க்காதீர்கள், பட்டென்று உடையும். இம்பெல்லரை அரை மணி நேரம் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு மட்டும் எங்கேயும் வேண்டாம்.

மூடுவதற்கு முன், மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் சொட்டும், இரவெல்லாம் சொட்டினால் ஹால் முழுக்கத் தண்ணீர். வாஸ்லினும் தேங்காய் எண்ணெயும் தடவினால் சில வகை ரப்பர் உப்பிவிடும், சிலிக்கான் கிரீஸ்தான் சரி. வால்வைத் திறந்து டப்பா நிரம்பிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். அடியில் ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தால், காலையில் அது நனைந்திருக்கிறதா என்று பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும். அடுத்த இரண்டு நாள் தீனியைப் பாதியாக்குங்கள், மூன்றாம் நாள் அம்மோனியா சோதித்துப் பாருங்கள்.