ஓடிப்போன ஹாம்ஸ்டர் கிடைத்துவிட்டதா? தயவுசெய்து மருந்து கொடுக்காதீர்கள்

“கால் மில்லிதான் டாக்டர் கொடுத்தேன். அதுக்கு மேல ஒரு சொட்டுகூட இல்ல.”

கைப்பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக். சின்னப் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கியதில் மீதம் இருந்தது. பக்கத்தில் மகள் ஷூ பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். உள்ளே 11 மாத ஹாம்ஸ்டர், எலி மாதிரி இருக்கும் சின்னச் செல்லப்பிராணி. வால் பக்கமெல்லாம் நனைந்து, தொட்டால் சில்லென்று இருந்தது.

கூண்டிலிருந்து தப்பி இரண்டு இரவு காணாமல் போய், மூன்றாம் நாள் காலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடைத்திருக்கிறது. பின்னங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நன்றாகச் சாப்பிட்டது, சக்கரத்தில் ஓடியது. ஆனாலும் எங்கெல்லாம் போய் வந்ததோ, சீழ் பிடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் வீட்டிலிருந்த மருந்தை இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த நாளே பேதி. அதற்கும் அடுத்த நாள் கால்நடை மருத்துவரான என்னிடம் வந்தார்கள். உடம்பைச் சூடாக்கி, தோலுக்கடியில் திரவம் ஏற்றிப் பார்த்தேன். சாயங்காலம் போய்விட்டது. இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது. சிராய்ப்பால் எந்த ஹாம்ஸ்டரும் சாகவில்லை. மூன்றும் மருந்தால் செத்தன.

‘குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே, அளவைக் குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்’ என்ற நினைப்புதான் இங்கே எமன். இது அளவு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. ஹாம்ஸ்டரின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை நம்பித்தான் அதன் செரிமானம் நடக்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் முதலில் அவற்றைத்தான் கொல்லும். அந்த இடம் காலியானதும் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி, நஞ்சைச் சுரந்து, குடலைப் புண்ணாக்கிவிடும். கால் மில்லியும் அதைச் செய்யும், கால் மில்லியில் பாதியும் செய்யும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இதே அமாக்ஸிசிலினை நாய்க்கும் பூனைக்கும் நான் தினமும் எழுதுகிறேன். ஹாம்ஸ்டருக்கு ஆகாது. முயலுக்கும் கினிப் பன்றிக்கும்கூட இதை வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது. ஹாம்ஸ்டருக்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. ஆனால் தேவையா என்று பார்த்து, கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் கொடுக்க முடியும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை அது. புண்ணுக்குப் போடும் களிம்பும் அப்படித்தான். தடவிய அடுத்த நிமிடமே நக்கி விழுங்கிவிடும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். நன்றாக விளையாடினாலும் அன்றைக்கே கூட்டி வாருங்கள். பேதி சில நாள் கழித்தும் வரலாம். என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள், நான் திட்ட மாட்டேன்.

அடுத்தது குளியல். ஒட்டடையும் தூசியுமாக வந்ததென்று ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, ஹேர் டிரையரில் காய வைக்கிறார்கள். பயந்து களைத்துப்போய் வந்த 120 கிராம் உயிருக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி! ஈரத்தில் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும். ஹாம்ஸ்டர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கூண்டுக்குள் கொஞ்சம் சுத்தமான மணல் வையுங்கள், போதும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பலர் தங்கள் ஹாம்ஸ்டரை முதன்முறையாக உற்றுப் பார்ப்பதே அது ஓடிப்போய்த் திரும்பிய பிறகுதான். இடுப்பின் இரண்டு பக்கமும் முடியில்லாமல் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். ‘புண் டாக்டர், மஞ்சள் வைத்திருக்கிறோம்’ என்பார்கள். அது புண் இல்லை. சிரியன் ஹாம்ஸ்டருக்கு இருக்கும் வாசனைச் சுரப்பி. முன்பற்கள் மஞ்சளாக இருப்பதும் இயல்புதான். பின்பக்கம் வீங்கியிருக்கிறது என்று வருபவர்களில் பாதிப் பேர் பார்ப்பது ஆண் ஹாம்ஸ்டரின் விரைகளை. தெருவில் திரியும் எலியோடு சேர்ந்து குட்டி போடுமா என்றும் கேட்பார்கள். போடாது, இரண்டும் வேறு வேறு இனம்.

சரி, எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

முதலில் எலி மருந்துக்கு. உங்கள் வீட்டில் வைக்காவிட்டாலும் எதிர் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் வைத்திருப்பார்கள். கேக் மாதிரி கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கிற விஷம். தின்ற அன்று ஒன்றுமே தெரியாது. சில நாள் கழித்துத்தான் மூக்கிலோ ஈறிலோ மலத்திலோ ரத்தம் வரும். அதற்குள் வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. ‘ரெண்டு நாள் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஜிங்க் பாஸ்பைடு வேறு ரகம். அது மணிக்கணக்கில் கொல்லும், மாற்று மருந்தும் கிடையாது. எதைத் தின்றிருந்தாலும் உப்புத் தண்ணீரோ முட்டை வெள்ளையோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள். ஹாம்ஸ்டரால் வாந்தி எடுக்கவே முடியாது. ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும்.

எலி பிடிக்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். தோல் கையோடு வந்துவிடும், காலும் முறியும். ஒட்டிய இடத்தில் மட்டும் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பொறுமையாகத் தளர்த்துங்கள். மூக்கில் எண்ணெய் படக் கூடாது. மீதி எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நேராகக் கூட்டி வாருங்கள்.

பூனை வாயில் கவ்வியிருந்தால், வெளியே ஒரு காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். பூனைப் பல் ஊசி மாதிரி. முடிக்குள் துளை தெரியாது, உள்ளே சீழ் வைக்கும்.

அப்புறம் விழுவது. ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மிகக் குறைவு, உயரமும் புரியாது. மேசை விளிம்பிலிருந்து நடந்தே விழும். ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாலோ, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ நீங்கள் பிடித்து நீட்டிப் பார்க்க வேண்டாம்.

கிடைத்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழைய கூண்டில், பழைய மரத்தூளோடு, அமைதியான இடத்தில் விட்டுவிடுங்கள். தண்ணீர், வழக்கமான சாப்பாடு, அவ்வளவே. டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். சாப்பாட்டை அடக்கி வைக்கும் கன்னப்பை இரண்டும் மறுநாளும் அப்படியே உப்பியிருந்தால் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம், விரலை விட்டு எடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்து சுருண்டு கிடந்தால் செத்துவிட்டதென்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏசி அறையில் இரவெல்லாம் கிடந்திருந்தால் அப்படி ஆகலாம். உள்ளங்கைச் சூட்டில் வைத்து மெதுவாகச் சூடேற்றியபடியே எங்களுக்குப் போன் செய்யுங்கள். வால் பக்கம் நனைந்திருந்தால், சாப்பிடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால், மூச்சு விடும்போது சத்தம் வந்தால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

ஹாம்ஸ்டர் உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சாக்கடைப் பக்கம் போய் வந்த ஹாம்ஸ்டர் என்றால் தூக்கியதும் கை கழுவுவது கட்டாயம். எலியின் சிறுநீரால் பரவி எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி ஹாம்ஸ்டரைச் சட்டென்று தாக்கும். அந்த நோயை ஆராயும் ஆய்வுக்கூடங்கள் ஹாம்ஸ்டரைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான். மழைக்காலத்தில் இதைச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு அறையிலும் எண்ணி நாலு சூரியகாந்தி விதை வையுங்கள். வாசற்படியில் லேசாக அரிசி மாவு தூவுங்கள், காலடி தெரியும். கோலமாவு வேண்டாம், கல் தூள் மூக்கில் போகும். குளியலறை ஜாலியை மூடுங்கள். சோபாவில் உட்காருமுன் கீழே பாருங்கள்.

கூட்டி வரும்போது வெயிலுக்கு முன் கிளம்புங்கள். மதியம் டூ வீலரில் வந்தால் வழியிலேயே சூட்டில் துவண்டுவிடும். காற்றோட்டமுள்ள டப்பாவில் தண்ணீருக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் போதும். எலி மருந்து பாக்கெட் எதுவும் கண்ணில் பட்டிருந்தால் அதையும், ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அந்தப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.