முத்திரையில்லாத பொஹீமியக் கண்ணாடி: செய்தவரை வடிவம் காட்டிக்கொடுக்கும்

பச்சையும் நீலமும் மாறி மாறி மின்னும் பழைய பூச்சாடியைப் பார்த்ததும் 'லோட்ஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொஹீமியாவில் (இன்றைய செக் குடியரசு) பல பட்டறைகள் அந்த மினுமினுப்பைச் செய்தன: கிளாஷ்டர்ஸ்கி மிலினில் லோட்ஸ், லெனோராவில் க்ராலிக், கோஷ்டானியில் பால்மே-கோனிக், டெப்லிட்சே பகுதியில் ரிண்ட்ஸ்காப். பெரும்பாலான சாடிகளில் பெயரே கிடையாது.

மினுமினுப்பை வைத்து ஏன் முடிவு செய்யக் கூடாது? அது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேதியியல். சூடான கண்ணாடி மேல் வெள்ளீயக் குளோரைடு ஆவி படும்போது மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் சோப்புக் குமிழியில் போல நிறங்கள் தெரிகின்றன. படலத்தின் தடிமன் மாறினால் நிறமும் மாறும்.

ஆகவே முதலில் வடிவம். சாடியின் உடல் மர அச்சுக்குள் ஊதப்பட்டது. அச்சு பட்டறையின் சொத்து. லோட்ஸின் பல வடிவங்களுக்கு, பட்டறையில் வெட்டிய காகித மாதிரிகளே இன்றும் எஞ்சியிருக்கின்றன. மொத்த உயரம், அதிகபட்ச விட்டம், அந்த விட்டம் அடியிலிருந்து எந்த உயரத்தில் வருகிறது, கழுத்து விட்டம், அடி விட்டம் என ஐந்து அளவுகளைக் காலிபரால் எடுங்கள். பிறகு அந்த விகிதங்களை, பட்டறை தெரிந்த சாடிகளோடோ காகித மாதிரிகளோடோ ஒப்பிடுங்கள். சில மி.மீ. வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம்: ஈர மர அச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கருகி, உள்ளளவு மெல்லப் பெருகும். விளிம்பை மட்டும் ஒப்பிடாதீர்கள். மடிப்பும் சுருக்கமும் கையால் இடுக்கியவை, ஒன்று போல் இன்னொன்று வராது. தோளுக்குக் கீழே உள்ள உடல்தான் சாட்சி. புகைப்படம் எடுப்பதானால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சாடியின் நடு உயரத்திற்குக் கேமராவை இறக்கி, ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் வயிறு உப்பித் தெரியும், விகிதம் கெடும்.

அடுத்தது அலங்காரம். இங்கே நகமே நல்ல கருவி. லோட்ஸ் 1898-இல் காப்புரிமை பெற்ற ஃபெனோமென் வகையில், சூடான குமிழியின் மேல் கண்ணாடி நூலைச் சுற்றி, கொக்கியால் மேலும் கீழும் இழுத்து அலையாக்கி, உருட்டி உடலோடு அழுத்திவிடுவார்கள். நகத்தால் தடவினால் பொதுவாக வழுக்கிக்கொண்டு போகும். பால்மே-கோனிக்கின் நூல்வலை மேலே புடைத்து நிற்கும், நகம் தட்டும். ஆனால் நூல் புடைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் பால்மே-கோனிக் என்று முடித்துவிடாதீர்கள். லோட்ஸும் சினே என்ற அலங்காரத்தில் நூல் சுற்றியிருக்கிறது. பாப்பிலான் என்ற புள்ளி அலங்காரத்தில், உருகிய கண்ணாடி உருண்டையைத் துகள்களில் புரட்டி ஊதுவார்கள். ஊத ஊதப் புள்ளி விரியும். அதனால் அகன்ற வயிற்றில் பெரிதாகவும், இழுத்த கழுத்தில் நீண்டும் தெரிகிறது. க்ராலிக்கும் இத்தகைய புள்ளிகளைச் செய்தது. இதனால்தான் புள்ளியை மட்டும் நம்ப முடிவதில்லை.

முறையான வழி சங்கிலி போன்றது. நம்பகமான முத்திரையுள்ள ஒரு சாடியிலிருந்து வடிவத்தைக் கற்று, அதே வடிவம் வேறு அலங்காரத்தில் வந்தால் அந்த அலங்காரத்தையும் அதே பட்டறைக்குச் சேர்க்கலாம். அந்த அலங்காரத்திலிருந்து இன்னொரு வடிவத்திற்குத் தாவும்போதுதான் ஆபத்து. நடுவில் பலரும் செய்த பொது அலங்காரம் ஒன்று கண்ணியாக இருந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாமே பிழை. ஒரு கண்ணிக்கு இரண்டு சான்றாவது இருக்கட்டும்.

நாட்டின் பெயர் காலத்தைச் சொல்லும். 1891 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் கட்டாயமானது. 'ஆஸ்திரியா' என்றிருந்தால் 1918-க்கு முந்தையது, 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் அதற்குப் பிந்தையது.

லோட்ஸ் கையொப்பம் இருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் பின்னாளில் பொறித்தவை ஏராளம். பத்து மடங்கு லென்ஸை அடிப்பகுதியில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நூறாண்டுப் பயன்பாட்டில் விழுந்த கீறல்கள் எழுத்துகளைக் குறுக்கே வெட்டிப் போனால் எழுத்து பழையது. எழுத்தே பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு, ஓரங்களில் வெள்ளைத் தூளாகச் சிதறித் தெரிந்தால் சாடி பழையதாக இருக்கலாம், எழுத்து புதியது.