"வெளிநாட்டுக்கு 40 ரூபாய், நமக்கு 100 ரூபாயா?" அந்த ஃபார்வர்டை அனுப்புவதற்கு முன்

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் மாடிப்படிக்கு அடியில் இரண்டு தண்ணீர் கேன்களைப் பார்த்தேன். இரண்டுமே 20 லிட்டர் கேன். மூடிக்கு மேல் பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஒரு முழம் தள்ளி இன்வெர்ட்டரும் பேட்டரியும். கிட்டப் போகும்போதே மூக்கில் ஏறியது. உள்ளே பெட்ரோல்.

கீழ்வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "கப்பல் வராதாம் தம்பி. பங்க்கெல்லாம் மூடப் போறாங்களாம். இருக்கிறதையும் வெளிநாட்டுக்கு நாப்பது ரூபாய்க்கு வித்துட்டாங்களாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றார்.

சுத்திகரிப்பு ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. எந்த குரூடை, அதாவது கச்சா எண்ணெயை வாங்குவது, அதிலிருந்து எதை எவ்வளவு எடுப்பது என்று கணக்குப் போட்டே 24 வருடங்கள் ஓடிவிட்டன. வெளிநாட்டுக்கு 40 ரூபாய்க்கு விற்றுவிட்டு நம்மிடம் 100 ரூபாய் வாங்குகிறார்கள் என்று விலை ஏறும்போதெல்லாம் இந்த ஃபார்வர்டு வருகிறது. குடும்ப குரூப்பில் வருகிறது, பள்ளி நண்பர்கள் குரூப்பில் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது அது படிக்கட்டுக்கு அடியில் 40 லிட்டர் பெட்ரோலாக வந்து நிற்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நம்மிடம் விற்பதற்குச் சொந்த எண்ணெய் கிடையாது. 2023-24 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் நாட்டுக்குள் கிடைத்த கச்சா எண்ணெய் சுமார் 2.9 கோடி டன். நாம் செலவழித்த பெட்ரோலியப் பொருள்கள் 23 கோடி டன்னுக்கு மேல். வெளியிலிருந்து வாங்கிய குரூடும் ஏறக்குறைய அதே 23 கோடி டன்தான். அதற்குக் கொடுத்தது சுமார் 13,300 கோடி டாலர். நம் தேவையில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது. உள்நாட்டு உற்பத்தி 2011-12இல் 3.8 கோடி டன்னாக இருந்தது, அப்புறம் இறங்கிக்கொண்டே வருகிறது. பழைய கிணறுகள் வற்றுகின்றன, வேறு மர்மம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் ஏற்றுமதி ஆவது எது? நெல் விளையாத ஊரில் இருக்கும் அரிசி மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் நெல்லைக் காசு கொடுத்து வாங்கி, அரைத்து, ஊருக்குப் போக மிஞ்சிய அரிசியை வெளியே விற்கிறார்கள். நெல்லை வாங்கிய விலைக்குக் கீழே அரிசியை விற்றால் மில் எத்தனை நாள் ஓடும்? குஜராத்தில் ஜாம்நகர், வாடினார் சுத்திகரிப்பு ஆலைகளில் நடப்பது இந்த வியாபாரம்தான்.

சரி, அந்த 40 ரூபாய்க்கு வருவோம். 2023-24இல் ஏறத்தாழ 6.2 கோடி டன் பொருள்களை ஏற்றுமதி செய்து சுமார் 4,800 கோடி டாலர் சம்பாதித்தோம். டன்னுக்கு 770 டாலர் பக்கம் வருகிறது. ஒரு டன் டீசல் என்பது ஏறக்குறைய 1,200 லிட்டர், டாலர் அப்போது 83 ரூபாய். போட்டுப் பாருங்கள், லிட்டருக்கு 53 ரூபாய் சொச்சம். ஏற்றுமதியில் பெட்ரோல், நாப்தா (ரசாயன ஆலைகளுக்குப் போகும் லேசான எண்ணெய்), விமான எரிபொருள் எல்லாம் கலந்திருப்பதால் இது தோராயக் கணக்கு. பெட்ரோல் டீசலைவிட லேசானது, ஒரு டன்னில் லிட்டர் கூடுதலாக இருக்கும், அதனால் லிட்டர் விலை கொஞ்சம் குறையும். 50 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது 2024 மார்ச் நடுவில் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையைப் பிரித்துப் பாருங்கள். பங்க் விலை 94.72 ரூபாய். இதில் பங்க்காரருக்கு எண்ணெய் நிறுவனம் போட்ட விலை, வண்டி வாடகை உட்பட, 55.66. மத்திய கலால் வரி 19.90. பங்க் கமிஷன் 3.77. மாநில வாட் வரி 15.39. வெளிநாட்டுக்காரருக்கு 50 சொச்சம், நம் ஊர் பங்க்காரருக்கு 55 சொச்சம். மீதி உயரம் முழுக்க வரியும் கமிஷனும். ஃபார்வர்டு எழுதியவர் வரியில்லாத விலையை ஒரு பக்கமும் வரியோடு சேர்ந்த விலையை இன்னொரு பக்கமும் வைத்து உங்களுக்குக் கோபத்தை ஊட்டியிருக்கிறார். ஏற்றுமதிப் பொருளுக்கு உள்நாட்டு வரியைச் சுமத்துவதில்லை. திருப்பூர் பனியனுக்கும் அதே விதிதான்.

அன்றைக்கு இருந்த அந்த 35 ரூபாய் போல லிட்டருக்கு வரி போடுவது அதிகம் என்று தோன்றினால் கேளுங்கள். மத்திய அரசிடமும் கேளுங்கள், மாநில அரசிடமும் கேளுங்கள். பெட்ரோலை ஏன் ஜிஎஸ்டிக்கு வெளியிலேயே வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. இல்லாத ஒரு திருட்டைத் துரத்திக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது.

"ஏற்றுமதியை நிறுத்திவிட்டால் என்ன?" என்று அடுத்து கேட்பார்கள். 2022 ஜூலையில் அரசாங்கமே ஏற்றுமதிக்குத் தனி வரி போட்டது. உள்ளூருக்குச் சரக்கு போகாமல் வெளியே ஓடிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். 2024 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள். ஆனால் அடியோடு நிறுத்துவது வேறு கதை. நெல்லை அரைத்தால் அரிசியோடு தவிடும் குருணையும் வந்தே தீரும். குரூடும் அப்படித்தான். எங்கள் திட்டக் கூட்டத்தில் தலைவலி எப்போதும் சமையல் கேஸ்தான். நூறு டன் குரூடை ஓட்டினால் அது நாலைந்து டன்தான் தேறும், மீதியெல்லாம் டீசல், பெட்ரோல், நாப்தா, இன்னும் பல. அதனால்தான் டீசலை ஏற்றுமதி செய்யும் இதே நாடு தனக்கு வேண்டிய எல்பிஜியில் 60 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு வழக்கமாக வளைகுடாவின் வாசலான ஹார்முஸ் நீரிணை வழியாக வரும். அந்தப் பக்கம் சண்டை என்றால் எனக்கு முதல் கவலை பெட்ரோல் பற்றி அல்ல, சிலிண்டர் பற்றி.

கவலைப்பட இன்னொன்றும் இருக்கிறது. டாலர். 2020-21இல் 19.6 கோடி டன் குரூடு வாங்க 6,200 கோடி டாலர் ஆனது. 2022-23இல் 23.3 கோடி டன்னுக்கு ஏறக்குறைய 15,800 கோடி டாலர். அளவு ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை, பில் இரண்டரை மடங்கு. 2023-24இல் நாட்டின் மொத்தச் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை 24,000 கோடி டாலர் பக்கம். குரூடோடு வாங்கிய எல்பிஜி போன்ற பொருள்களையும் சேர்த்தால் எண்ணெய்க் கணக்கில் மட்டும் பள்ளம் 10,800 கோடி பக்கம், அதுவும் ஏற்றுமதியில் வந்த 4,800 கோடியைக் கழித்த பிறகு. அந்த வரவும் இல்லை என்றால் பள்ளம் எவ்வளவு ஆழமாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டாலர் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியதும் ஒரு காரணமாக, 1991இல் 47 டன் தங்கத்தை அடகு வைத்தோம். 2022இல் இலங்கையில் எரிபொருள் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே வந்து நின்றன, இறக்குவதற்குக் கொடுக்க டாலர் இல்லை. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை குரூடு இல்லாமல் மூடிக் கிடந்தது. ஆட்டோக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் வண்டியிலேயே தூங்கினார்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நம் நிலைமை அது இல்லை. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் குகைகளில் மட்டும் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் சேமிக்க இடம் இருக்கிறது. முழுதாக நிரப்பினால் ஒன்பதரை நாள் தேவைக்குக் காணும். எண்ணெய் நிறுவனங்களின் கொள்ளளவையும் சேர்த்தால் 74 நாள் என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஒரு கப்பல் தாமதமானால் நாளைக்கே பங்க் காய்ந்துவிடாது. பங்க்கைக் காய வைப்பது நம் பயம். 2024 ஜனவரி லாரி ஓட்டுநர் போராட்டத்தின்போது ஹைதராபாத்தில் பார்த்தோமே. தினமும் இரண்டு லிட்டர் போடுகிறவர் பத்து லிட்டர் போட்டால், இரண்டு நாளைக்கு வர வேண்டிய சரக்கு ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துவிடும். அந்த ராத்திரி ஆம்புலன்ஸுக்கு யார் போடுவது?

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். பெட்ரோலைத் தண்ணீர் கேனில் பிடிக்காதீர்கள். பங்க் பையனிடம் கெஞ்சாதீர்கள், அவன் மறுப்பது உங்கள் நல்லதுக்குத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய் எங்கேயாவது ஒரு பொறியைத் தேடிப் பிடிக்கும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அடியுங்கள். டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று மாதம் இரண்டு தடவை பாருங்கள், நீங்கள் சேமிக்கக்கூடிய எரிபொருள் அங்கே இருக்கிறது. அப்புறம் எண்ணெய் பற்றி எந்த எண் வந்தாலும் அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: எந்த வருடம், குரூடா பெட்ரோலா, வரியோடா வரியில்லாமலா? பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவு (PPAC) மாதாமாதம் எல்லாக் கணக்கையும் தன் இணையதளத்தில் போடுகிறது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

அந்த இரண்டு கேன்களையும் அன்றைக்கே வெளியே எடுத்தோம். அண்ணன் முதலில் இன்வெர்ட்டரை அணைக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன், அந்த வாடையில் சுவிட்சைத் தட்டுகிற பொறி போதும். கதவைத் திறந்து போட்டு, காத்திருந்து, கேன்களைக் காலி மனைக்குத் தூக்கிக்கொண்டுபோய், புனல் வைத்து ஒரு காரிலும் மூன்று பைக்கிலும் ஊற்றினோம். திரும்பி வந்தபோது அண்ணனின் பேத்தி அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். தினமும் அங்கேதான் உட்காருவாளாம்.