எஸ்ஈ பில்லுக்குள்ள எத்தின கோடு கிடக்கு?

திருகோணமலை பெரியாஸ்பத்திரி வார்டில டொக்டர் 'எஸ்ஈ' (சீரம் எலக்ட்ரோலைட், ரத்தத்தில இருக்கிற உப்புகள அளக்கிற டெஸ்ட்) எண்டு ரெண்டெழுத்து எழுதுவார், நேர்ஸ் ரத்தம் எடுப்பாங்க, ரிப்போட் வரும், காசுக் கதையே இல்ல. வெளியில பிரைவேட் லாப்பில எடுத்தாலும் பில்லில ஒரு வரி, ஒரு தொகை, அவ்வளவுதான். அதால இஞ்ச வீட்டில இருந்தே அமெரிக்க கிளினிக்குகளுக்கு பில்லிங் செய்யலாம் எண்டு கோர்ஸ் படிக்கிற பிள்ளையள் இந்த சீரம் எலக்ட்ரோலைட் பாடத்துக்கு வந்தோடன தலையச் சொறியிறாங்க, இந்தச் சின்ன டெஸ்டுக்கு ஏன் இவ்வளவு கோடு (பில்லில போடுற குறியீட்டு இலக்கம்) எண்டு.

அமெரிக்காவில இன்சூரன்ஸ்காரன் கேக்கிறது ரெண்டு விஷயம்: என்ன செஞ்சனீங்க, ஏன் செஞ்சனீங்க. 'என்ன'வுக்கு சிபிடி கோடு, செஞ்ச ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலக்கம். அது அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன்ட சாமான், 1966ல முதல்ல வந்தது. சோடியத்துக்கு 84295, பொட்டாசியத்துக்கு 84132, குளோரைட்டுக்கு 82435, கார்பன் டையொக்சைட்டுக்கு 82374. இந்த நாலையும் ஒண்டா செஞ்சா 80051 எண்டு ஒரே கோடுதான், பிரிச்சுப் போடேலா. சோத்துப் பார்சல் வாங்கினவனிட்ட பருப்புக்கும் சம்பலுக்கும் வேற வேறயா காசு கேக்கேலாதுதானே. ஆனா நாலில ஒண்டு குறைஞ்சாலும் 80051 போடேலா, செஞ்சத மட்டும் தனித்தனியா போடோணும். இதுகளோட கல்சியம், கிரியேட்டினின், யூரியா நைட்ரஜன், குளுக்கோஸும் சேந்தா அது 80048, பிறகு 80051க்கு அங்க இடமே இல்ல.

நாலும் ஏன் ஒரு கூட்டம்? ரத்தத்தில பிளஸ் மின்னேற்றமும் மைனஸும் சமனா இருக்கோணும். சோடியம் 140 எண்டு வைங்க, குளோரைட் 104, பைகார்பனேட் 24 (அந்த கார்பன் டையொக்சைட் டெஸ்ட் அளக்கிறது பெரும்பாலும் இதத்தான்). 140ல இருந்து 128 போனா 12 மிச்சம், அத அனயன் கேப் எண்டுவாங்க, நாங்க அளக்காத மைனஸ் சாமான்கள். சீனி வருத்தக்காரருக்கு கீட்டோன் அமிலம் ஏறினா இந்த மிச்சம் கூடிரும். பைகார்பனேட்ட விட்டுட்டா இந்தக் கணக்கே வராது.

'ஏன்'க்கு ஐசிடி-10, அது வருத்தங்களுக்கான கோடு. பொட்டாசியம் குறைவு எண்டா ஈ87.6, கூட எண்டா ஈ87.5, சோடியம் குறைவு ஈ87.1. இஞ்சதான் புதுசா வாற பிள்ளையள் வழுக்குறாங்க. ரிப்போட்டில பொட்டாசியம் 2.9 எண்டு கண்ணுக்கு முன்னால கிடந்தாலும் கோடர் (கோடு போடுறவர்) தன்ட பாட்டுக்கு ஈ87.6 போடேலா, டொக்டர் எழுதியிருக்கோணும். கிளினிக் நோயாளிக்கு 'பொட்டாசியம் குறைவா இருக்கலாம்' எண்டு டொக்டர் சந்தேகமா எழுதினாலும் போடேலா, அந்த ஆள் உடம்பு பலவீனம் எண்டு வந்திருந்தா அதுக்கான ஆர்53.1தான். எனக்கு இது நியாயமான ரூல் மாதிரித்தான் படுது, நம்பரப் பாத்து வருத்தம் எழுதுறது கோடர்ட வேலை இல்ல. நம்மட நாட்டில வார்டால துண்டு வெட்டைக்க தாற டயக்னோசிஸ் கார்டில டொக்டர் எழுதுற அந்த ஒரு வரிக்குத்தான் அங்க இவ்வளவு மதிப்பு.

நம்பரும் எப்பவும் உண்மை சொல்லாது. மெஷினுக்குள்ள பொட்டாசியத்த மட்டும் பிடிக்கிற ஒரு சவ்வு இருக்கு, வாலினோமைசின் எண்ட பொருள் போட்டது, அது மண் பக்டீரியா ஒண்டு செய்யிற சாமான். பொட்டாசியம் அதில ஒட்ட சின்ன வோல்டேஜ் வரும், அதத்தான் மெஷின் வாசிக்குது. ஆனா சிவப்பணுவுக்குள்ள பொட்டாசியம் வெளியில இருக்கிறத விட இருபது மடங்குக்கு மேல. சின்ன ஊசியால அவசரப்பட்டு இழுத்தா, இல்ல குழாயப் போட்டுக் குலுக்கினா சிவப்பணு உடைஞ்சு எல்லாம் வெளிய வந்திரும், சீரம் இளஞ்சிவப்பாத் தெரியும், ரிப்போட்டில 6.8 எண்டு வந்து வீடே கலங்கும். ஊதா மூடிக் குழாயில இருக்கிற மருந்து கொஞ்சம் கலந்தாலும் இதே கூத்துத்தான், அதில இருக்கிறதே பொட்டாசியம் உப்பு, கூடவே கல்சியமும் விழுந்து கிடக்கும்.

அப்ப திரும்ப ரத்தம் எடுப்பாங்க, பில்? ஒரே நாளில ஒரே டெஸ்ட ரெண்டாந்தரம் செஞ்சா 91 எண்டு ஒரு மொடிஃபையர் (கோடுக்குப் பின்னால சேக்கிற சின்ன இலக்கம்) ஒட்டலாம், ஆனா அது பொட்டாசியம் ட்ரிப் ஏத்திட்டு ஏறிச்சா எண்டு பாக்கிற மாதிரி மருத்துவத் தேவைக்குத்தான். உடைஞ்ச சாம்பிளுக்காகத் திருப்பிச் செஞ்சா 91 போடேலா, அந்தச் செலவு லாப்புக்கு.