கோச் – பயிற்றுநர்

கோச் என்பது விளையாட்டிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ ஒருவருக்குப் பயிற்சி தந்து, அவருடைய வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்து வழிநடத்துபவரைக் குறிக்கும் சொல். தமிழில் இதற்கு நேரானது பயிற்றுநர். பெருவழக்கில் இருப்பது பயிற்சியாளர்.

ஹங்கேரியின் வடமேற்கிலுள்ள கோச் என்னும் சிற்றூரில் 15ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட குதிரை வண்டிகள் அவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டன. அப்பெயர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நாம் கோச்சு வண்டி என்றதும், ரயில் பெட்டியை இன்று கோச் என்பதும் அதன் வழிவந்தவையே. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், வண்டியைப்போலத் தம்மைச் சுமந்து தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாகக் கோச் என்றார்கள். 1860களில் அச்சொல் விளையாட்டுக்குத் தாவியது. ஆக, மூலப்பொருளில் கோச் என்பவர் சுமந்து செல்பவர். எடையைத் தூக்க வேண்டியவர் பயில்பவரே என்பதால், ஜிம்முக்கு இந்த உருவகம் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

தமிழ்ச் சொல் இதில் துல்லியமானது. பயில் என்னும் தன்வினையின் பிறவினை பயிற்று. அதிலிருந்து வரும் பயிற்றுநர், பிறரைப் பயிலச் செய்பவரை மட்டுமே குறிக்கும். பயிற்சியாளர் என்றாலோ, பயிற்சி தருபவரா பெறுபவரா என்பது சொல்லளவில் தெளிவாவதில்லை. பள்ளிக்கல்வித் துறையில் ஆசிரியர் பயிற்றுநர் என்ற வழக்கு இருப்பதால் இது புதுச்சொல்லும் அன்று. (ஓட்டுநர், இயக்குநர் போலவே இதற்கும் ‘ந’ எழுத்துதான், பயிற்றுனர் என்பது பிழை.)

பயில்பவர் பயிற்றுநராக மாறுவது ஜிம்மில் பெரும்பாலும் பதவியால் நிகழ்வதில்லை. பெஞ்ச் பிரஸ் (பலகையில் மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தூக்கும் பயிற்சி) செய்பவரின் தலைமாட்டில் நிற்கும் மூத்தவர், இரும்புத் தண்டுக்குக் கீழே இரு கைகளையும் ஏந்தி வைத்திருப்பார், ஆனால் தொடமாட்டார். தண்டு மேலேறும் வேகம் குறைந்தாலும் பொறுத்திருந்து, அது நின்று கீழிறங்கத் தொடங்கும் கணத்தில்தான் பிடிப்பார், அதுவும் மீண்டும் ஏறுவதற்குப் போதுமான அளவுக்கே. முந்திக்கொண்டால் அந்தக் கடைசித் தூக்கலின் பயன் போய்விடும். பிந்தினால் தண்டு மார்பில் இறங்கிவிடும். இந்தக் கணிப்பு யாரிடம் இருக்கிறதோ, சம்பளம் வாங்கும் ட்ரெய்னர் வேறொருவராக இருந்தாலும், புதியவர்கள் அவரிடமே போய் நிற்கிறார்கள். சில மாதங்கள் கழித்து அவர் அந்தப் புதியவரையே இன்னொருவரின் தலைமாட்டில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்றால், பயில் என்பது பயிற்று ஆகத் தொடங்கிவிட்டது.

வாய்மொழியில் பயிற்றுநருக்கு வேறு பெயர்கள் உண்டு. ஜிம்மில் மாஸ்டர், இது தலைவர், ஆசிரியர் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது. சிலம்பத்தில் ஆசான். வடசென்னைக் குத்துச்சண்டையில் வாத்தியார். இது உபாத்தியாயர் என்பதன் திரிபு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளில் (குத்துச்சண்டைக் குழுக்களில்) வாத்தியார் குத்துவிடக் கற்றுத்தந்ததோடு நின்றவர் அல்லர். வளையத்தில் ஏறும் வீரர் இன்ன பரம்பரை என்றே அறியப்பட்டதால், அவருடைய வெற்றி தோல்வி வாத்தியாரின் பெயரையும் சேர்ந்தது.

எனவே எழுத்திலும் அறிவிப்புகளிலும் பணிப்பெயராகப் பயிற்றுநர் என்றே எழுதலாம். நேரில் யாரும் “பயிற்றுநரே” என்று கூப்பிடப்போவதில்லை. அங்கே மாஸ்டரும் வாத்தியாரும் இருந்துவிட்டுப் போகட்டும்.