வலி மாத்திரை வலியோடு நிற்பதில்லை

சென்னை காசிமேட்டில் விடிய விடிய ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் தூக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் மெடிக்கலில் நின்று, "முதுகு புடிச்சிக்கிச்சி, ஒரு செட் குடுண்ணா" என்று வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். அந்த மாத்திரை செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ என்ற வலி மாத்திரை இருக்கும்.

தசையோ மூட்டோ அடிபட்டால், அங்குள்ள செல்கள் காக்ஸ் என்ற நொதியை வைத்துப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. அது ரத்தக்குழாய்களை விரிக்கிறது, அதனால் இடம் சிவந்து வீங்குகிறது. நரம்பு முனைகளையும் உசுப்பிவிடுகிறது, லேசாகத் தொட்டாலே உயிர் போகிறது. மாத்திரை இந்த நொதியைத்தான் அடைக்கிறது. ஆஸ்பிரினை வைத்து 1971-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, சிக்கல் எங்கே? இதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உள்சுவரில் வழவழப்பான படலத்தைச் சுரக்க வைத்து, அமிலம் சுவரை அரிக்காமல் காக்கிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்து போகும்போது முதுகு எது, வயிறு எது என்று பிரித்துப் பார்க்காது. அதனால்தான் "ஊசியா போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆவாது" என்பது தவறு, ஊசியிலும் புண் வரும்.

கூடவே கேஸ் மாத்திரை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வயிற்றுக்கு அது உண்மையிலேயே உதவும். சிறுநீரகத்துக்கு உதவாது. மே மாத வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருங்காமல் திறந்து வைப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். அந்த நேரத்தில், அதுவும் தினமும், இந்த மாத்திரையைப் போடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அப்புறம் மழைக்காலக் காய்ச்சல். டெங்குவாக இருந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும், இதே வகை மாத்திரைகளான ஆஸ்பிரினும் ஐப்யூபுரூஃபனும் இருக்கிற தட்டணுக்களையும் சரியாக வேலை செய்ய விடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். அது வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் ரத்தக்கசிவைக் கூட்டாது.

வலி மாத்திரை போடுகிறவருக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும், அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.