46 நோட்டு, ஒரே முதல் வரி

சில வருடங்களுக்கு முன்னால் 9ஆம் வகுப்பில் 'மழைநீர் சேகரிப்பு' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதிவரச் சொன்னேன். 46 நோட்டுகள் மேசைக்கு வந்தன. ஒன்றும் எழுதாமல் வைத்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் 'நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்' என்றுதான் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அந்த வரியை முந்தைய மாதம் கரும்பலகையில் எழுதிப்போட்டதே நான்தான். எங்கள் ஊரில் அப்போது பத்து நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர். 44 கட்டுரைகளில் ஒன்றில்கூட அது இல்லை.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்புப் போட்டு அடிக்கோடிடச் சொல்லித்தருகிறோம். தலைப்பைப் பார்த்த பிறகு முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. அமெரிக்காவில் டொனால்ட் மர்ரே என்று ஒருவர், பத்திரிகையில் தலையங்கம் எழுதி 1954-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர், பிறகு கல்லூரி ஆசிரியரானார். எழுதி முடித்த தாளில் பிழையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், எழுத்து உருவாகும் வழியைக் கற்றுக்கொடுங்கள் என்று 1972-லேயே சொல்லிவிட்டார். எழுத்தையே பிழைப்பாக வைத்திருந்தவர் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அங்கே வந்து சேர இத்தனை வருடம் ஆனது.

இப்போது ஒரு கட்டுரைக்கு இரண்டு வாரத்தில் ஐந்து பாடவேளை ஒதுக்குகிறேன். முதல் வேளையில் பேனாவை மூடி வைக்க வேண்டும். தண்ணீர் விஷயமாக உன் வீட்டில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லு, அவ்வளவுதான் வேலை. வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும், ஆகட்டும். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, பேசியதை அப்படியே, பேச்சுத் தமிழிலேயே எழுதச் சொல்வேன்.

இதைக் கேட்டு சக தமிழாசிரியர் ஒருவர் பதறிப்போனார். "நாமே கொச்சையா எழுத விடலாமா சார்?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளை கட்டுரை எழுதும்போது இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் பார்க்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், யோசித்ததை வீட்டில் யாரும் பேசாத எழுத்துத் தமிழுக்கு மாற்றவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தும்போது மனப்பாட வரி கைக்குள் தயாராக நிற்கிறது, பிள்ளை அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வேலைகளையும் இரண்டு நாளாகப் பிரித்துவிட்டால் பயம் பாதி போய்விடும். ஒரு மாணவி முதல் நாள் எழுதியது இது: 'தண்ணி வர்ற அன்னிக்கு அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சிரும். நான் டார்ச் புடிப்பேன்.' மறுநாள் எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னதும் 'எனது அன்னையார் நள்ளிரவில் துயிலெழுவார்' என்று கொண்டுவந்தாள்! எழுத்துத் தமிழ் என்றால் இதுதான் என்று எங்கேயோ பதிந்துபோயிருக்கிறது. "உங்க வீட்ல அன்னையார்னு யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, 'தண்ணீர் வரும் நாளில் அம்மா இரவு இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார். நான் டார்ச் பிடிப்பேன்' என்று மாற்றினாள். அந்த ஒரு திருத்தத்தில் அவள் கற்றுக்கொண்டதை நான் ஒரு மாதம் இலக்கணம் நடத்தியும் கொடுத்திருக்க முடியாது.

அடுத்து விவரம் சேர்ப்பது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது என்பதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். சரி, உன் வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். ஒருவன் வீட்டில் அதன்மேல் சிமெண்ட் பூசி பைக் நிறுத்துகிறார்களாம். அவனுக்கு அன்றைக்குக் கட்டுரை கிடைத்துவிட்டது.

வரிசைப்படுத்த ஒன்றும் பெரிதாகத் தேவையில்லை. தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள்கள், ஒரு தாளுக்கு ஒரு செய்தி, தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பது.

திருத்துவதற்கு நான் கையில் எடுப்பது நன்னூல் என்ற பழைய இலக்கண நூல். பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்னாரே, நாம் பரீட்சைக்கு ஒப்பித்துவிட்டு மறந்தோமே, அதேதான். பத்தும் வேண்டாம், மூன்று போதும்: கூறியது கூறல் (சொன்னதையே திரும்பச் சொல்வது), மற்றொன்று விரித்தல் (தலைப்பை விட்டு வேறெதையோ விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக வலுவிழந்து முடிவது). பக்கத்தில் இருப்பவரின் கட்டுரையில் இந்த மூன்றும் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மழைநீரில் தொடங்கி, மழையால் நின்றுபோன கிரிக்கெட் மேட்சின் ஸ்கோரில் போய் முடித்த ஒருவனுக்கு வகுப்பே 'மற்றொன்று விரித்தல்' என்று பட்டம் கொடுத்துவிட்டது. அவனே ரசித்தான். ஆனால் முதல் வருடம் இது சண்டையில் முடிந்தது, ஒருவன் நண்பனின் நோட்டில் 'எல்லாமே குற்றம்' என்று பேனாவால் எழுதிவிட்டான், மற்றவன் அழுதான். அதற்குப் பிறகு சட்டம் போட்டேன்: அடுத்தவர் நோட்டில் கை வைக்கக் கூடாது, முதலில் மனதில் நின்ற ஒரு வரியைச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் குற்றம்.

ஒற்றுப்பிழை, ர, ற, ல, ள, ழ எல்லாம் கடைசியில்தான். முன்பெல்லாம் முதல் வரைவிலேயே சிவப்பு மை கொட்டுவேன், நாளைக்கு அடித்துத் தள்ளப்போகிற வரிக்கு இன்றைக்குச் சந்தி சரிசெய்து என்ன ஆகப்போகிறது? 46 பேருக்கு மூன்று வரைவு என்றால் யாராலும் முடியாது, தெரியும். ஒரு வரைவில் ஒரே விஷயத்தை மட்டும் பார்ப்பேன், ஒரு நாளைக்கு எட்டு நோட்டு. ஆறு நாளில் முடிந்துவிடும்.

பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் கட்டுரைக்கு ஐந்து பாடவேளையா கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். கொடுக்க மாட்டார்கள். அங்கே மூன்று நிமிடம் போதும், நாலு குறிப்பைக் கிறுக்கி எண் போட்டுவிட்டு எழுதத் தொடங்கலாம், வரிசைப்படுத்திப் பழகிய கைக்கு அது வரும். மதிப்பெண் கூடுமா என்றால், மனப்பாடம் செய்தவர்களுக்கும் மதிப்பெண் கிடைக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கேட்காத தலைப்பு வந்தால் மட்டும் வித்தியாசம் தெரிகிறது, இவர்கள் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருந்தால் திட்டாதீர்கள். 'அடிக்காமல் எழுது' என்பது கடைசிப் பிரதிக்கு மட்டும் பொருந்தும், முதல் வரைவில் அடித்தலே இல்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

டார்ச் பிடித்த பிள்ளையின் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். "நோட்ல டிக்கே இல்லையே ஐயா, திருத்தவே மாட்டீங்களா?" என்று கேட்டார். மூன்று வரைவையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார், நடுவில் நிறுத்தி, "ரெண்டு மணி இல்லங்கய்யா, ஒன்றரைக்கே எந்திரிக்கணும், ரெண்டுக்குப் போனா குடத்துக்கு இடம் கிடைக்காது" என்றார். பக்கத்தில் நின்ற மகள் நோட்டை வாங்கி, இரண்டை அடித்து மேலே ஒன்றரை என்று எழுதினாள்.